சக்கரம் முப்பது மில்லி மீட்டர் நகர்ந்தால்...

திருச்சியில் டயர் கடைகளின் வாசலில் பளபளப்பான அலாய் வீல்களை அடுக்கி வைத்திருப்பதை நீங்கள் பார்த்திருக்கலாம். உங்கள் ஊரிலும் அப்படி ஒரு கடை இருக்கும். அடுத்த முறை அந்தப் பக்கம் போகும்போது, கடைக்காரரிடம் கேட்டுக்கொண்டு, ஒரு வீலைத் திருப்பி அதன் பின்புறத்தைப் பாருங்கள். சில எண்களும் எழுத்துகளும் உலோகத்திலேயே பொறிக்கப்பட்டிருக்கும். அவற்றுள் ‘இ.டி. 30’ என்றோ ‘இ.டி. 0’ என்றோ ஒரு குறி இருக்கும். வீலின் நிறத்தைப் பார்ப்பவர் பலர். விலையைக் கேட்பவர் பலர். இந்தக் குறியைப் படிப்பவர் சிலரே.

உறையூரைச் சேர்ந்த என் பழைய மாணவர் ஒருவர் சில மாதங்களுக்கு முன் என்னைத் தேடி வந்தார். அவர் வீட்டில் ஒரு பிக்கப் வண்டி உண்டு. வாரத்தில் நான்கு நாள் அது தொட்டியம் பக்கத்திலிருந்து வாழைத்தார் ஏற்றிக்கொண்டு காந்தி மார்க்கெட்டுக்கு வரும். மற்ற நாள்களில் குடும்பம் அதில்தான் சமயபுரத்துக்கும் ஸ்ரீரங்கத்துக்கும் போய்வரும். வண்டியின் உயரத்தைக் கூட்டாமல், கம்பெனி கொடுத்த உயரத்திலேயே வைத்துக்கொண்டு, அகலமான சக்கரங்களை மட்டும் மாட்ட வேண்டும் என்பது அவர் ஆசை. கடையில் இரண்டு வகை காட்டியிருக்கிறார்கள். ஒன்று 9 அங்குல அகலம், இ.டி. 0. மற்றொன்று 8 அங்குல அகலம், இ.டி. 25. வண்டியோடு வந்த வீலோ 7 அங்குல அகலம், இ.டி. 30.

“போல்ட் துளைகள் இரண்டிலுமே சரியாக இருக்கின்றன, சார். அது போதாதா? இந்த எண் எதற்கு?” என்று கேட்டார்.

நல்ல கேள்வி. விடை காண நமக்குத் தேவையானது, நீங்கள் பள்ளியில் படிக்கும் திருப்புத்திறன் பாடம் ஒன்றுதான். வாருங்கள், சேர்ந்தே கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

ஆஃப்செட் என்பது என்ன?

சக்கரத்தின் அகலத்தைச் சரிபாதியாகப் பிரிக்கும் ஒரு தளத்தை மனத்தில் நினைத்துக்கொள்ளுங்கள். இதனை மையத் தளம் என்போம். வீலின் உள்ளே, போல்ட் துளைகள் இருக்கும் பகுதியில், வண்டியின் ஹப் மீது படிந்து உட்காரும் தட்டையான முகம் ஒன்று உண்டு. இதனைப் பொருத்துமுகம் என்போம். மையத் தளத்துக்கும் பொருத்துமுகத்துக்கும் இடையே உள்ள தொலைவே ஆஃப்செட். இது மில்லி மீட்டரில் குறிக்கப்படும். ‘இ.டி.’ என்பது ஒரு ஜெர்மன் சொல்லின் சுருக்கம். வீலை எவ்வளவு ஆழம் உள்ளே அழுத்தி வைக்கிறோம் என்பது அதன் பொருள்.

பொருத்துமுகம் மையத் தளத்துக்கு வெளியே, அதாவது தெருவில் நிற்பவரின் பக்கமாக இருந்தால் ஆஃப்செட் நேர்க்குறி பெறும். ஹப் அசையாது அல்லவா? ஆகவே பொருத்துமுகம் வெளியே இருந்தால், சக்கரத்தின் பெரும்பகுதி வண்டிக்கு அடியில் உள்வாங்கி நிற்கும். பொருத்துமுகமும் மையத் தளமும் ஒன்றினால் ஆஃப்செட் சுழி. பொருத்துமுகம் உள்பக்கம் இருந்தால் எதிர்க்குறி. அப்போது சக்கரம் வெளியே துருத்தும். முன்பக்கத்திலிருந்து பார்த்தால் இத்தகைய வீல் கிண்ணம் போலக் குழிந்து தோன்றும். இளைஞர்கள் பலரை மயக்குவது இந்தக் கிண்ணம்தான்.

எண் குறையக் குறையச் சக்கரம் வெளியே வரும் என்று நினைவில் வைத்துக்கொண்டால் போதும்.

கூட்டலும் கழித்தலும்

இப்போது மாணவரின் மூன்று வீல்களையும் ஒப்பிடுவோம். ஓர் அங்குலம் 25.4 மி.மீ. பொருத்துமுகத்திலிருந்து வெளி விளிம்பு எவ்வளவு தொலைவு என்று அறிய, அகலத்தில் பாதியிலிருந்து ஆஃப்செட்டைக் கழிக்க வேண்டும். உள் விளிம்புக்குப் பாதியோடு கூட்ட வேண்டும்.

பழைய வீல்: 7 அங்குலத்தில் பாதி 88.9 மி.மீ. வெளி விளிம்பு 58.9, உள் விளிம்பு 118.9.

9 அங்குல வீல், ஆஃப்செட் 0: பாதி 114.3 மி.மீ. வெளி விளிம்பு 114.3; உள் விளிம்பும் 114.3. அதாவது வெளிப்பக்கம் 55.4 மி.மீ. துருத்தும். உள்பக்கம் 4.6 மி.மீ. இடம் மிஞ்சும்.

8 அங்குல வீல், ஆஃப்செட் 25: பாதி 101.6 மி.மீ. வெளி விளிம்பு 76.6, உள் விளிம்பு 126.6. வெளிப்பக்கம் 17.7 மி.மீ. நீளும், உள்பக்கம் 7.7 மி.மீ. நெருங்கும்.

மேலோட்டமாகப் பார்த்தால் 9 அங்குல வீலே நல்லது போலத் தோன்றுகிறது. உள்ளே ஸ்பிரிங்கிலோ பிரேக் குழாயிலோ இடிக்கும் பயம் இல்லை. ஆனால் விளிம்புகளை மட்டும் பார்த்தால் போதாது. சக்கரத்தின் மையத் தளம் எங்கே போயிற்று என்றும் பார்க்க வேண்டும். 8 அங்குல வீலில் அது 5 மி.மீ. மட்டுமே வெளியே வந்திருக்கிறது. 9 அங்குல வீலில் 30 மி.மீ. வெளியே வந்துவிட்டது. நம்முடைய கதை இந்த 30 மில்லி மீட்டரில்தான் இருக்கிறது.

தண்ணீர்க் குடமும் பேரிங்கும்

தண்ணீர்க் குடத்தை இடுப்பில் அணைத்துக்கொண்டு நெடுந்தூரம் நடக்கலாம். அதே குடத்தைக் கையை நீட்டிப் பிடித்துக்கொண்டு பத்தடி நடக்க முடியுமா? குடத்தின் எடை மாறவில்லை. உடலிலிருந்து அதன் தொலைவு கூடியதால் திருப்புத்திறன் கூடிவிட்டது. வண்டியின் சக்கரத்துக்கும் இதே விதிதான்.

சக்கரம் சுழல்வதற்காக ஹப்பினுள் பேரிங்குகள் இருக்கின்றன. முன்சக்கரங்களில் மரபான அமைப்பு, உருளைகள் கொண்ட இரண்டு பேரிங்குகள்: உள்ளே பெரியது, வெளியே சிறியது. தரையிலிருந்து மேல்நோக்கி வரும் விசை சக்கரத்தின் மையத் தளம் வழியே செயல்படுகிறது. வடிவமைப்பாளர் அந்த விசைக்கோடு பெரிய பேரிங்குக்கு அருகில் விழுமாறு பார்த்துக்கொள்கிறார்.

எளிய எடுத்துக்காட்டு ஒன்றை எடுத்துக்கொள்வோம். இரண்டு பேரிங்குகளுக்கும் இடையே 60 மி.மீ. இருக்கட்டும். விசைக்கோடு உள் பேரிங்கிலிருந்து 15 மி.மீ., வெளி பேரிங்கிலிருந்து 45 மி.மீ. தொலைவில் இருக்கட்டும். ஒரு முன்சக்கரம் 600 கிலோகிராம் பளு தாங்குகிறது என்க. நெம்புகோல் விதிப்படி பளு 3-க்கு 1 என்ற விகிதத்தில் பிரியும். பெரிய பேரிங் 450 கிலோ தாங்கும். சிறியது 150 கிலோ தாங்கும்.

இப்போது ஆஃப்செட் 0 வீலை மாட்டுங்கள். விசைக்கோடு 30 மி.மீ. வெளியே நகர்கிறது. உள் பேரிங்குக்கு 45, வெளி பேரிங்குக்கு 15 என்று தொலைவுகள் இடம் மாறிவிடுகின்றன. பெரியது 150 கிலோவோடு ஓய்வெடுக்கிறது; சிறியதன் தலையில் 450 கிலோ ஏறுகிறது. வண்டியில் ஒரு வாழைத்தார்கூட அதிகம் ஏற்றவில்லை. ஆனால் சிறிய பேரிங்கின் பளு மும்மடங்காகிவிட்டது.

பளு மும்மடங்கானால் ஆயுள் மூன்றில் ஒன்றாகும் என்று நினைக்கலாம். உண்மை அதைவிடக் கடுமையானது. சுவீடன் நாட்டு லுண்ட்பெர்க், பாம்கிரென் ஆகிய இருவரும் 1947-இல் பேரிங் ஆயுளைக் கணக்கிட ஒரு முறையை வகுத்தனர். இன்றும் பொறியாளர்கள் அதனையே அடிப்படையாகக் கொள்கின்றனர். அதன்படி உருளை பேரிங்கின் ஆயுள், பளுவின் 10/3 அடுக்குக்கு எதிர்விகிதத்தில் இருக்கும். 3-ஐ 10/3 அடுக்குக்கு உயர்த்தினால் சுமார் 39 வரும். அதாவது ஆயுள் முப்பத்தொன்பதில் ஒரு பங்கு! ஓடும் வண்டியில் வளைவுகளில் பக்கவாட்டு விசைகளும் சேர்வதால், நடைமுறையில் எண் இப்படியே அமையாது. எனினும் எந்தத் திசையில் கெடுதல் வளர்கிறது என்பதை இந்தக் கணக்கு தெளிவாகக் காட்டுகிறது. 8 அங்குல வீலுக்கும் இதே கணக்கைப் போட்டுப் பாருங்கள். சிறிய பேரிங்கின் பளு 150-லிருந்து 200 கிலோ ஆகும், 450 ஆகாது.

தேரும் முட்டுக்கட்டையும்

அடுத்தது ஸ்டியரிங். இதைப் புரிந்துகொள்ள ஸ்ரீரங்கத்துச் சித்திரைத் தேரைப் பார்த்தால் போதும். தேருக்கு ஸ்டியரிங் கிடையாது. வீதியின் முனையில் அதை எப்படித் திருப்புகிறார்கள்? வலப்பக்கம் திரும்ப வேண்டுமானால் வலப்பக்கச் சக்கரத்தின் முன் முட்டுக்கட்டை போடுகிறார்கள். அந்தச் சக்கரம் தடைபடுகிறது. வடம் பிடிப்பவர்களின் இழுவை மறுபக்கத்தை முன்னே கொண்டுபோகிறது. தேர் வலப்பக்கம் திரும்புகிறது. தடுக்கும் விசை ஓர் அச்சிலிருந்து விலகிச் செயல்பட்டால் திருப்புத்திறன் உண்டாகும் என்பதை முட்டுக்கட்டை போடுபவர் அனுபவத்தால் அறிந்திருக்கிறார்.

உங்கள் வண்டியின் ஒவ்வொரு முன்சக்கரமும் ஒரு சிறிய தேர். அது இடமும் வலமும் திரும்புவதற்கு ஓர் அச்சு உண்டு. சற்றே சாய்ந்திருக்கும் இந்த அச்சைக் கீழ்நோக்கி நீட்டினால் தரையில் ஒரு புள்ளியில் முட்டும். டயர் தரையைத் தொடும் இடத்தின் நடுப்புள்ளி அதற்குச் சற்றுத் தள்ளி இருக்கும். இந்தச் சிறு தொலைவுதான் பிரேக் விசைக்குக் கிடைக்கும் நெம்புகை. வண்டியை வடிவமைத்தவர் பல சோதனைகளுக்குப் பின் இதை முடிவு செய்கிறார். சக்கரத்தை 30 மி.மீ. வெளியே தள்ளினால் இந்தத் தொலைவும் ஏறத்தாழ 30 மி.மீ. கூடிவிடும்.

இரண்டு முன்சக்கரங்களிலும் பிரேக் ஒரே அளவில் பிடித்தால் இடமும் வலமும் ஒன்றையொன்று சமன் செய்துவிடும். ஆனால் ஒரு சக்கரம் தாரிலும் மற்றது சாலையோர மணலிலும் இருந்தால்? தார்ப்பக்கப் பிரேக் விசை 2,000 நியூட்டன் அதிகம் என்க. கூடுதல் திருப்புத்திறன் 2,000 × 0.03 = 60 நியூட்டன் மீட்டர். ஸ்டியரிங் பெட்டி இதனைப் பதினெட்டில் ஒரு பங்காகக் குறைத்துக் கைக்குக் கொடுப்பதாகக் கொண்டால் சுமார் 3.3 நியூட்டன் மீட்டர் வரும். 19 செ.மீ. ஆரமுள்ள ஸ்டியரிங்கின் விளிம்பில் இது ஏறத்தாழ 17 நியூட்டன். எதிர்பாராத நொடியில் யாரோ ஒன்றே முக்கால் கிலோ எடையை ஸ்டியரிங்கின் ஒரு பக்கத்தில் தொங்கவிட்டது போல இருக்கும். பகலில் விழித்திருக்கும் ஓட்டுநர் சமாளித்துவிடுவார். விடியற்காலை மூன்று மணிக்கு, பாரத்தோடு, ஒரு கையால் ஓட்டிக்கொண்டு வருபவர்? பவர் ஸ்டியரிங் இந்த இழுப்பைக் குறைக்கும்; அடியோடு நீக்கிவிடாது. 8 அங்குல வீலில் தொலைவு 5 மி.மீ. மட்டுமே கூடுவதால் கூடுதல் திருப்புத்திறன் 10 நியூட்டன் மீட்டரோடு நின்றுவிடும்.

இந்தத் தொலைவின் அருமையை உணர்ந்த பொறியாளர்கள் அதனை மறுபக்கத்துக்கே கொண்டுபோனதும் உண்டு. 1972-இல் வெளிவந்த ஆடி 80 காரில் அச்சுப்புள்ளி டயரின் நடுவுக்கு வெளியே அமைக்கப்பட்டது. ஒரு பக்கப் பிரேக் வழுக்கினால் சக்கரங்கள் தாமே எதிர்த்திசையில் சிறிது திரும்பி வண்டியை நேராக வைக்க உதவும்.

கதவு வீசும் வட்டம்

“உள்ளே இடம் மிஞ்சுகிறதே, பிறகு டயர் எங்கே உரசும்?” என்று நீங்கள் கேட்கலாம். ஒரு கதவைத் திறந்து பாருங்கள். கீலுக்கு அருகில் உள்ள பகுதி சிறிய வட்டத்தில் நகர்கிறது; கதவின் ஓரம் பெரிய வட்டத்தில் வீசுகிறது. முன்சக்கரத்துக்கு அந்த அச்சுதான் கீல். சக்கரம் அதிலிருந்து விலக விலக, ஸ்டியரிங்கை முழுவதும் திருப்பும்போது டயரின் முன், பின் ஓரங்கள் பெரிய வட்டத்தில் வீசும். ஆகவே நேராக நிற்கும்போது தாராளமாகத் தோன்றும் இடம், முழுத்திருப்பத்தில் போதாமல் போகும். டயர் முன்னே பம்பர் ஓரத்திலோ, பின்னே மட்கார்டின் அடியிலோ உரசும்.

வண்டியின் உயரத்தைக் கூட்டியிருந்தால் மட்கார்டுக்கும் டயருக்கும் நடுவே கூடுதல் இடைவெளி இருக்கும். நம் மாணவரின் வண்டியில் அது இல்லை. பாரம் ஏறியதும் ஸ்பிரிங் அமுங்கி உள்ள இடைவெளியும் குறையும். பள்ளத்தில் விழுந்தால், வெளியே துருத்தும் டயர் மட்கார்டின் விளிம்பில் நேரே போய் இடிக்கும். மட்கார்டு மூடாத டயர் மழைநாளில் பின்னால் வருபவர் மீது சேற்றையும் கல்லையும் வாரி இறைக்கும் என்பதையும் மறக்கக்கூடாது.

அகலத்தால் நன்மையே இல்லையா?

உண்டு. நியாயமாக அதையும் சொல்ல வேண்டும். இரு பக்கச் சக்கரங்களுக்கும் இடையே உள்ள அகலம் கூடினால் வண்டி கவிழும் வாய்ப்பு குறைகிறது. அந்த அகலத்தில் பாதியை ஈர்ப்பு மையத்தின் உயரத்தால் வகுத்தால் வரும் எண் இதற்கு ஓர் அளவுகோல். அகலம் 1,500 மி.மீ., ஈர்ப்பு மையம் 750 மி.மீ. உயரத்தில் என்றால் அந்த எண் 1. பக்கத்துக்கு 30 மி.மீ. வீதம் அகலம் 1,560 ஆனால் எண் 1.04 ஆகும். லாபம் நூற்றுக்கு நான்கு. ஆனால் வாழைத்தாரை இன்னும் கொஞ்சம் உயர்த்தி அடுக்கி, ஈர்ப்பு மையம் 780 மி.மீட்டருக்கு ஏறிவிட்டால், எண் மறுபடியும் 1-க்கே வந்துவிடும். கவிழாமல் இருக்க வேண்டுமானால் பாரத்தைத் தாழ அடுக்குவதே செலவில்லாத வழி.

எப்படித் தேர்ந்தெடுப்பது?

முதலில் வண்டியோடு வந்த வீலின் ஆஃப்செட்டை அறிய வேண்டும். குறி தேய்ந்திருந்தால் நீங்களே அளக்கலாம். டயர் இல்லாத வெறும் வீலைக் கவிழ்த்து, உள் விளிம்பின் குறுக்கே நேரான சட்டம் ஒன்றை வையுங்கள். சட்டத்திலிருந்து பொருத்துமுகம் வரை உள்ள ஆழத்தை அளவுகோலால் அளந்துகொள்ளுங்கள். பிறகு வீலின் முழு அகலத்தையும் விளிம்போடு விளிம்பாக அளந்து பாதியாக்குங்கள். ஆழத்திலிருந்து அந்தப் பாதியைக் கழித்தால் ஆஃப்செட் கிடைக்கும். ஆழம் 131.5 மி.மீ., முழு அகலம் 203 மி.மீ. என்றால் ஆஃப்செட் 131.5 − 101.5 = 30 மி.மீ. இங்கே ஒன்றைக் கவனியுங்கள். 7 அங்குல வீல் என்பது டயர் உட்காரும் இடத்தின் அகலம். இரு விளிம்புகளின் கனத்தையும் சேர்த்து அளந்தால் ஏறத்தாழ ஓர் அங்குலம் கூடுதலாக வரும்.

அடுத்து, புதிய வீலின் மையத் தளம் பழையதிலிருந்து எவ்வளவு நகர்கிறது என்று பாருங்கள். உயரம் கூட்டாத வண்டிக்கு அது எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது. ஆனால் ஆஃப்செட்டை 30-இலேயே வைத்து அகலத்தை மட்டும் 8 அங்குலமாக்கினால் உள் விளிம்பு 12.7 மி.மீ. நெருங்கும். டயரும் அகலமானால் அதற்கும் இடம் விட வேண்டும். ஸ்பிரிங்குக்கும் டயருக்கும் நடுவே அந்த அளவுக்கு இடம் இருக்கிறதா என்று அளந்த பிறகே முடிவு செய்ய வேண்டும். இடம் போதாவிட்டால் ஆஃப்செட்டை 25 அல்லது 20 வரை குறைக்கலாம். உள்ளே இடம், வெளியே திருப்புத்திறன் என்ற இரண்டுக்கும் நடுவே செய்துகொள்ளும் சமரசம் இது.

மூன்றாவது, பொருத்தம். இசுசு வி-கிராஸ், டொயோட்டா ஹைலக்ஸ் போன்ற பிக்கப்புகளில் 139.7 மி.மீ. விட்டமுள்ள வட்டத்தில் 6 போல்ட்டுகள் இருக்கும். அந்த வட்டம் பொருந்தினால் வீலை மாட்ட முடியும் என்றுதான் பொருள். மாட்டலாம் என்று பொருளில்லை. வீலின் நடுத்துளை ஹப்போடு சரியாகப் பொருந்துகிறதா என்றும் பார்க்க வேண்டும்.

நான்காவது, பளு. ஒவ்வொரு நல்ல வீலிலும் அது தாங்கக்கூடிய பளு பொறிக்கப்பட்டிருக்கும். பின் அச்சு 1,800 கிலோ தாங்கும் வண்டி என்றால் ஒவ்வொரு வீலும் குறைந்தது 900 கிலோ தாங்க வேண்டும்.

ஐந்தாவது, சட்டம். பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறித்தவற்றிலிருந்து மாறுபடும்படி வாகனத்தை மாற்றக்கூடாது என்கிறது, 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதனை வலியுறுத்தியது. ஆகவே பெரிய மாற்றம் எதையும் செய்யுமுன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது.

என் மாணவர் இந்தக் கணக்குகளை ஒரு தாளில் எழுதி எடுத்துக்கொண்டு கடைக்குப் போனார். 9 அங்குல வீலை அப்போதே வேண்டாம் என்றார். 8 அங்குல வீலின் பின்புறத்தைத் திருப்பிப் பார்த்தால், பளு 800 கிலோ என்று பொறித்திருந்தது. அவர் வண்டிக்கு வேண்டியதோ 900. அதையும் வைத்துவிட்டு வந்தார். இரண்டு வாரம் கழித்துக் கடைக்காரரே வேறொன்றை வரவழைத்துக் கொடுத்தார்: 8 அங்குலம், இ.டி. 25, பளு 1,000 கிலோ. மாட்டிய பிறகு, ஸ்டியரிங்கை இருபுறமும் முழுவதும் திருப்பியும், பாரம் ஏற்றியும், எங்கும் உரசவில்லை என்று உறுதி செய்துகொண்டுதான் பணத்தைக் கொடுத்தாராம்.

மாணவ நண்பர்களே! விசையைத் தொலைவால் பெருக்கினால் திருப்புத்திறன் என்று தேர்வுக்காகப் படிக்கிறோம். அந்த ஒரு வரி, பாரத்தோடு விடியற்காலையில் வந்து சேர வேண்டிய ஒரு வண்டியின் பாதுகாப்பையே முடிவு செய்கிறது. உங்கள் வீட்டிலோ தெருவிலோ யாராவது வீல் மாற்றப் போவதாகச் சொன்னால், ஓர் அளவுகோலோடு நீங்களும் உடன் செல்லுங்கள். வீலைத் திருப்பி அதன் பின்புறத்தைப் படித்துக் காட்டுங்கள்.